மாவில் மிஞ்சிய புளிப்பு

மாவுக்குத் தண்ணீர்மேல் இருக்கும் ஆசையைப்போல் வேறெதற்கும் எதன்மேலும் இருந்து நான் பார்த்ததில்லை. குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி மாவை உள்ளங்கையில் கொட்டி ஊதினால் புகையாய்ப் பறக்கும். அதே மாவை மழைநாளில் ஒரு ராத்திரி திறந்து வைத்தால் போதும், காலையில் கட்டி தட்டியிருக்கும். யாரும் ஊற்றியிருக்க மாட்டார்கள். காற்றில் போகிற ஈரத்தை அதுவாகக் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொள்ளும்.

அந்த ஆசையைக் குறைப்பதுதான் என் பிழைப்பு. கஞ்சிக்கோட்டில் தகரக்கூரை போட்ட நீளக் கொட்டகை, உள்ளே இரண்டு கொப்பரை, ஒரு கழுவுதொட்டி, பை வார்க்கும் ஒரு இயந்திரம். எலப்புள்ளியிலிருந்து ஸ்கூட்டரில் போய்வருகிறேன். போகிற வழியெல்லாம் கணவாய்க் காற்று எதிரே நின்று தள்ளும். துவைத்த துணியைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் காய்ந்துவிடுகிற காற்று. இந்தக் காய்ந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, இருபது வருடமாக நான் தண்ணீரைப் பற்றியேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மாவு என்பது சர்க்கரைக் கண்ணிகளைக் கோத்த நீளச் சங்கிலி. ஒவ்வொரு கண்ணியிலும் மூன்று கொக்கிகள் நீட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் வந்து தொங்குவது அவற்றில்தான். நாங்கள் செய்வதெல்லாம் சில கொக்கிகளுக்குத் தொப்பி மாட்டுவது. அசெட்டிக் அன்ஹைட்ரைடு என்று ஒரு திரவம் இருக்கிறது, வினிகருக்கு முரட்டு அண்ணன். கரைத்த மாவில் அதைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கூடவே காரமும் சேர்த்துச் சமன் பார்த்துக் கிண்டினால் தொப்பிகள் ஏறும். ஏறிய இடத்தில் தண்ணீருக்குப் பிடி கிடைக்காது. ஆசைப்பட்டு எல்லாவற்றுக்கும் மாட்டிவிட்டால் பிறகு மண் அதைத் தின்னாது, பிளாஸ்டிக் மாதிரி கிடக்கும். எத்தனை கொக்கியை மூடுவது, எத்தனையை விடுவது என்பதுதான் கைப்பக்குவம். அது எனக்கு வரும். நன்றாகவே வரும்.

தொப்பி ஏறும்போது கூடவே புளிப்பும் பிறக்கும். அதைக் கழுவி வெளியேற்ற வேண்டும். மாவுக்குள் கொஞ்சம் மிஞ்சினாலும், வெயில் ஏற ஏற, அந்தப் புளிப்பே மாட்டிய தொப்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிவிடும். இதுவும் எனக்குத் தெரியும்.

எங்கள் கொட்டகையில் கழுவல் முடிந்ததா என்று பார்க்க இரண்டு வழி வைத்திருந்தோம். கொப்பரையைப் பார்த்துக்கொள்பவர் எலப்புள்ளிக்காரர், என்னைவிட மூத்தவர், காலையில் வீட்டில் மாடு கறந்துவிட்டு வருகிறவர். ஈரமாவை ஒரு பிடி எடுத்து நசுக்கி மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி ஒரு இழு இழுப்பார். "ஆச்சுங்க மேடம்" என்பார். வடியும் தண்ணீரில் நான் புளிப்புப் பார்க்கும் காகிதத்தை நனைப்பேன். புளிப்பிருந்தால் சிவக்கும், இல்லாவிட்டால் பச்சை. பச்சை வரும். மூக்கும் காகிதமும் ஒத்துப்போனால் மாவு காயப் போய்விடும். வருடக்கணக்காக இப்படித்தான். நூலுக்குக் கஞ்சி போடுகிற ஆலைகளுக்கு அந்த மாவைத்தான் கொடுத்தோம், ஒரு குறையும் வந்ததில்லை. ஆலைக்குப் போன மாவு வாரத்தில் தீர்ந்துவிடும் என்பதை மட்டும் நான் நினைத்துப் பார்க்கவில்லை.

பை செய்யலாம் என்ற யோசனை என்னுடையது. தேயிலை எஸ்டேட்டுகளில் நாற்று வளர்ப்பது கறுப்புப் பிளாஸ்டிக் பைகளில். நடுகிறபோது பிளேடால் கிழித்து உருவி எடுக்க வேண்டும். அதில் பாதி வேர் அறுந்துபோகும், உருவிய பிளாஸ்டிக் மலைச்சரிவில் காலத்துக்கும் கிடக்கும். மாவுப் பையானால் அப்படியே குழியில் வைத்து மண்ணைத் தள்ளிவிடலாம். மாதிரியைத் தூக்கிக்கொண்டு எஸ்டேட் எஸ்டேட்டாக அலைந்தேன். ஏலப்பாறைக்கு அப்பால் ஒரு எஸ்டேட்டில், நர்சரி சூப்பர்வைசர் ஒருத்தி மட்டும் பையை வாங்கி உள்ளே கையை விட்டுத் திருப்பிப் பார்த்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். தலையில் துண்டு, இடுப்பில் சாக்கு, ஒரு காலைக் கொஞ்சம் சாய்த்துச் சாய்த்து நடை. கொழுந்துக் கட்டோடு சரிவில் விழுந்து முட்டி போனவள் என்று பிறகு தெரிந்தது. அந்த எஸ்டேட்டில் சமதரை என்றால் நர்சரி ஒன்றுதான்.

"மழைக்குத் தாங்குமா மேடம்? இங்க மழைன்னா, உங்க ஊர் மழை இல்ல."

"தாங்கும்."

"ஒரே வார்த்தையில சொல்லிட்டிய."

"தண்ணியில பத்து நாள் போட்டுப் பார்த்திருக்கேன்."

அவள் மேனேஜரிடம் போய்ப் பேசினாள். மூன்று பாத்தி அவளுக்குக் கிடைத்தது. நிபந்தனையை அவளே எனக்குச் சொன்னாள், வருத்தம் எதுவும் இல்லாமல், பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோல. "நாத்து போச்சுன்னா நான் திரும்பக் கொழுந்து பறிக்கப் போவணும். சார் சொல்லிட்டாரு."

மாசி கடைசியில் பைகளை வார்த்தோம். கட்டுக் கட்டாய்க் கட்டி, தகரக்கூரையடியில் அடுக்கினோம். லாரி கிடைக்கச் சித்திரை முடிந்துவிட்டது. அந்த இரண்டு மாதமும் கஞ்சிக்கோட்டுத் தகரத்தின் கீழே பைகள் வெந்துகொண்டிருந்தன. நான் தண்ணீரில் போட்டுப் பார்த்ததெல்லாம் இயந்திரத்திலிருந்து அன்றைக்கு விழுந்த புதுப் பைகளை.

மழை பிடித்து மூன்றாவது வாரம் போன் வந்தது.

"மேடம், உங்க பை உக்காந்துட்டு."

"உக்காந்துட்டுன்னா?"

"ராத்திரி நட்டமா நின்னுச்சு. காலையில பாத்தா சாணி உருண்ட மாதிரி உக்காந்திருக்கு. நீங்க ஒரு எட்டு வாங்க. போன்ல சொன்னா நம்ப மாட்டிய."

நான் நம்பவில்லைதான். எங்கேயோ மண்ணை ஈரமாகத் திணித்திருப்பார்கள், அடியில் தண்ணீர் தேங்க விட்டிருப்பார்கள் என்று பஸ்ஸில் உட்கார்ந்து அவள் செய்திருக்கக்கூடிய தப்புகளை வரிசையாக எண்ணிக்கொண்டு போனேன். பொள்ளாச்சி, தேனி, குமுளி. ஒரு மாநிலத்திலிருந்து புறப்பட்டு இன்னொன்றைக் குறுக்கே கடந்து திரும்பவும் புறப்பட்ட மாநிலத்துக்கே வந்து சேருகிற பயணம். கம்பம் வரை ஜன்னலைத் திறந்துவைத்துத் தூசி தின்றேன். குமுளி ஏறியதும் ஜன்னலை மூடினார்கள். குட்டிக்கானத்துப் பனிமூட்டத்தில் எதிரே வந்த வண்டிக்கு வெளிச்சம் மட்டும் இருந்தது, வண்டி இல்லை. ஏலப்பாறையில் இறங்கியபோது மழை பெய்யவில்லை, நின்றது. அதாவது காற்றில் தண்ணீர் கீழே விழாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தது. என் கண்ணாடி நனைந்தது, பையில் இருந்த நோட்டு நனைந்தது, நோட்டுக்குள் எழுதியிருந்த கணக்கெல்லாம் ஊதா நிறத்தில் கரைந்தது.

நர்சரியில் நிழல்வலையைத் தூக்கிக் காட்டினாள். மூன்று பாத்தி. பக்கத்துப் பாத்திகளில் கறுப்புப் பைகள் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல் வரிசையாக நிற்க, எங்களுடையவை தோள் சரிந்து ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. விரலால் தொட்டேன். பை விரலோடு வந்தது, ஆறிய கஞ்சியின் ஆடைபோல. அவள் செய்த தப்பு ஒன்றும் அங்கே இல்லை. மண் உதிரியாக இருந்தது. வடிகால் நான் சொன்னதைவிட ஆழமாக வெட்டியிருந்தாள்.

வலையை இறக்கிவிட்டு அவள் பேசினாள்.

"நாத்த முக்காவாசி கறுப்புப் பைக்கு மாத்திட்டோம். மீதி பொழைக்காது. சார் வந்து பாத்தாரு, ஒண்ணும் சொல்லல. ஒண்ணும் சொல்லாம போனாருன்னா அதுதான் மேடம் பயம்."

"மிச்சப் பை இருக்கா? பிரிக்காதது?"

நர்சரிக் கொட்டாய்க்குள் ஒரு கட்டு இருந்தது. சாக்கைப் பிரித்து முடிச்சை அவிழ்த்தவள், அவிழ்த்த வேகத்திலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்ன மேடம் இது, இந்தப் புளிச்ச வாடை அடிக்கு."

கட்டை வாங்கி முகர்ந்தேன். சாக்கு வாசம் வந்தது. ஈரமண் வாசம். அவள் தலைத்துண்டிலிருந்து தேங்காயெண்ணெய். வேறு ஒன்றும் வரவில்லை.

"ஒண்ணும் இல்லையே."

"ஏட்டி, இங்க வா" என்று மண் சலித்துக்கொண்டிருந்த ஒருத்தியைக் கூப்பிட்டாள். "இத மோந்து பாரு."

வந்தவள் ஒரு சாண் தூரத்திலேயே நின்றுவிட்டாள். "ஊறுகாப் பானைய யாரு தொறந்தா?"

இருவரும் சிரித்தார்கள். நான் மறுபடி முகர்ந்தேன். மூக்கைப் பைக்குள்ளேயே விட்டு இழுத்தேன். இருபது வருடம் அந்த வாசத்தில் குளித்து, அந்த வாசத்தை உடுத்தி, அதோடு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்ற மூக்கு. அதற்கு அந்த வாசம் வெறும் காற்று.

"தேயிலைக்குப் புளிப்பு மண்ணுதானே பிடிக்கும்" என்று ஏதோ சொல்லிவைத்தேன்.

"தேயிலைக்குப் பிடிக்கும் மேடம். பைக்குப் பிடிக்கணும்லா."

திரும்பும் பஸ்ஸில் அந்த வாக்கியம் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தது. பைக்குள் புளிப்பு இருந்தது. இரண்டு மாத வெயிலில் அது தொப்பிகளைக் கழற்றியிருக்கிறது. மலைக்குப் போய்ச் சேர்ந்தது திரும்பவும் வெறும் மாவு, தண்ணீருக்கு ஏங்குகிற பழைய மாவு. இதுவரை சரி. மூக்கு ஏமாற்றியதும் சரி. காகிதம் எப்படி ஏமாற்றியது? அது பச்சைதானே காட்டியது?

கொட்டகைக்குள் நுழைந்து கழுவுதொட்டியைப் பார்த்ததும் விடை அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தது. தொட்டியின் விளிம்பெல்லாம் வெள்ளைப் பொருக்கு. எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்புத் தண்ணீர், சுண்ணாம்புத் தண்ணீர். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. புளிப்பு கொஞ்சம் கரைந்து வந்ததுமே அந்தத் தண்ணீர் அதை அடக்கிச் சமன் செய்துவிடும். நான் காகிதத்தை நனைத்துப் பார்த்தது மாவின் புளிப்பை அல்ல, எங்கள் கிணற்றின் குணத்தை. மாவுமணிக்குள் ஆழத்தில் இருந்தது அங்கேயே இருந்துகொண்டது. கழுவி வைத்திருந்த மாவில் ஒரு பிடி எடுத்து, ஆய்வுக்கு வைத்திருந்த சுத்தத் தண்ணீரில் ராத்திரி ஊறப்போட்டேன். காலையில் காகிதம் செங்கல் நிறத்தில் சிவந்தது.

இதைக் கொப்பரைக்காரரிடம் காட்டினேன். அவர் காகிதத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க மேடம், இத்தன வருசமா இதே மூக்குதானுங்க. இப்ப மட்டும் எப்படிங்க பொய் சொல்லும்?"

"என்னோடதும் பொய்தான் சொல்லுது."

"காயிதம் பழசாயிருக்குமுங்க."

ஏலப்பாறைக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். என் தப்புதான், உங்கள் தப்பு ஒன்றுமில்லை, மேனேஜரிடம் எழுதித் தருகிறேன் என்றேன்.

"எழுதித் தந்தா எனக்கு என்ன மேடம் ஆவும்? சார் இன்னொரு பாத்தி தாரேன்னுட்டாரு. ஐப்பசித் துலாம் மழைக்கு நிக்கணும். நின்னா நர்சரி, இல்லன்னா மலை. இதுதான் கடைசி." பிறகு, "அடுத்த மாவு எப்பக் கழுவுதிய?" என்றாள்.

"ஆடி பிறந்ததும்."

"நான் வாரேன். மோந்து பாக்கதுக்கு."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மூன்று நாள் லீவு போட்டு, குமுளி வழியாக, முட்டியைத் தேய்த்துக்கொண்டே பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

அதற்குள் தகரக்கூரையின் ஓரம் முழுக்கத் தகட்டை வளைத்து ஓடை கட்டி, மழைத்தண்ணீரைப் பெரிய தொட்டிகளில் பிடித்து வைத்திருந்தேன். எங்கள் ஊர் மழை கொஞ்சந்தான், ஆனால் சுத்தம். அவள் கழுவுதொட்டியருகே ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு, காலை நீட்டி உட்கார்ந்தாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து கணவாய்க் காற்றில் போய் நின்று மூக்கை ஆற்றிக்கொண்டு வருவாள். யாரும் சொல்லித் தரவில்லை. "ஒரே வாசத்துல இருந்தா நானும் உங்கள மாதிரி ஆயிருவேன்" என்றாள்.

நான்காவது கழுவல் முடிந்து கொப்பரைக்காரர் ஒரு பிடி எடுத்து முகர்ந்தார். "ஆச்சுங்க."

அவள் அதே பிடியை வாங்கிப் பார்த்தாள். "ஆவல அண்ணாச்சி."

"இன்னும் என்னங்க இருக்குது அதுல?"

"மோர் ரெண்டு நாள் வச்ச வாடை இருக்கு."

ஐந்தாவது. "மோர் ஒரு நாள்."

"உங்க மூக்குக்குத் தண்ணி ஊத்தோணும்னா மலம்புழா டேமத்தான் இங்க திருப்பி உடோணுமுங்க."

"அண்ணாச்சி, ஊறுகாப் பானைக்குள்ள குடியிருந்துகிட்டு உப்பு பாக்கிய. வெளிய வந்து பாருங்க."

அவர் முறைத்தார். கொஞ்ச நேரம் கழித்து வெளியே போனார். காற்றில் நின்றார். பீடி பற்றவைக்காமல் நின்றார், அதை நான் கவனித்தேன். திரும்பி வந்து பிடியை எடுத்து முகர்ந்தவர் முகம் மாறியது. என்னைப் பார்க்கவில்லை. அடுத்த தண்ணீரைத் திறந்துவிட்டார்.

ஏழாவது கழுவலில் அவள் நெடுநேரம் முகர்ந்தாள். பிறகு மாவை நாக்கு நுனியில் வைத்தாள்.

"கப்பக்கிழங்கு" என்றாள். "வேற ஒண்ணும் இல்ல."

நான் அதே பிடியைச் சுத்தத் தண்ணீரில் ஊறப்போட்டேன். காலையில் காகிதம் பச்சையாகத்தான் இருந்தது. அவள் மூக்கும் என் காகிதமும் ஒத்துப்போயின, இந்தமுறை உண்மையாகவே.

அன்றைக்கு வார்த்த பைகளை நான் உடனே தண்ணீரில் போடவில்லை. கட்டுக் கட்டாய்க் கட்டி, கொப்பரையின் கொதிக்கிற சுவரை ஒட்டி ஒரு மாதம் வைத்தேன், சித்திரைத் தகரத்தைவிடச் சூடான இடத்தில். அதற்குப் பிறகுதான் வாளி. பத்து நாள் கழித்துத் தூக்கியபோது பையின் காதைப் பிடித்தே தூக்க முடிந்தது. தண்ணீர் சொட்டியது. பை அதைப் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை. கொப்பரைக்காரர் வாங்கி இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தார். "தோலுங்க" என்றார், "ஆட்டுத் தோலாட்ட." ஆவணியில் லாரி ஏற்றினோம். அவள் தேயிலை வெட்டுக்குச்சிகளை வைத்து ஒரு பாத்தி முழுக்க நிரப்பினாள்.

துலாம் மழை முடிகிற வாரம் நான் மறுபடி மலையேறினேன். போனில் அவள் ஒன்றுமே சொல்லவில்லை. "சார் வியாழக்கிழமை பாக்க வாராரு" என்றதோடு சரி. நானும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் குட்டிக்கானம் தாண்டியதும் இரண்டு கையையும் மடியில் இறுக்கி வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

மேனேஜர் குடையோடு வந்தார். பாத்தி நின்றது. மஞ்சள் கலந்த வெளிர் பழுப்பில், தோளோடு தோள் ஒட்டி, எல்லாப் பைகளும் நட்டமாக நின்றன. அவர் குனிந்து ஒரு பையின் காதைப் பிடித்துத் தூக்கினார். வந்தது. நடுவிலிருந்து ஒன்று. வந்தது. ஓரத்தில், வலையிலிருந்து தண்ணீர் தாரையாக ஊற்றுகிற மூலையில், வேண்டுமென்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தூக்கினார். அடி கிழிந்து மண் அவர் பூட்ஸ்மேல் கொட்டியது.

அவள் முட்டியை ஊன்றி உட்கார்ந்து, கொட்டிய மண்ணைக் கையால் ஒதுக்கி, கிழிந்த அடியைத் திருப்பிக் காட்டினாள். கிழித்தது மழையல்ல. பையைத் துளைத்துக்கொண்டு ஏழெட்டு வெள்ளை வேர்கள் வெளியே வந்திருந்தன, ஒவ்வொன்றும் விரல் நீளம்.

"இது நடவுக்கு ரெடி சார். நீங்கதான் லேட்டு."

மேனேஜர் வேர்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாயோரம் ஒரு சிரிப்பு வந்து, வராமல் போனது.

"அடுத்த வருஷம் எத்தன பாத்தி போடலாம்?"

"பன்னெண்டு" என்றாள். யோசிக்கவேயில்லை.

"எட்டு."

"பத்து சார். மாவு கழுவும்போது எனக்கு மூணு நாள் லீவு வேணும். டூட்டி லீவு."

அவர் குடையை மாற்றிப் பிடித்தார். "எழுதிக் கொடு" என்றார்.

அன்றிரவு தொழிலாளர் லயத்தில் அவள் வீட்டில்தான் தங்கினேன். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் மஸ்டருக்கு அவளோடு நடந்தேன். பனியில் பேர் கூப்பிடக் கூப்பிடப் பெண்கள் பிரிந்தார்கள். கொழுந்துக்குப் போகிறவர்கள் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு இடப்பக்கச் சரிவில் ஏற ஆரம்பித்தார்கள். வருகை எழுதும் ரைட்டர் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல் அவள் பேரைச் சொன்னார், பிறகு "நர்சரி" என்றார். அவள் "ம்" என்றாள். காலைச் சாய்த்துச் சாய்த்துச் சமதரையில் நடந்து போய், நிழல்வலையைத் தூக்கி, நான் உள்ளே வருவதற்காகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வாங்க மேடம். சும்மா நிக்காதிய. மண்ணு சலிக்கணும்."